நாய்க்குட்டிக்குக் கழிப்பிடப் பழக்கம்: முதல் நாள் முதல் பின்னடைவுகள் வரை ஒரு வழிகாட்டி

எட்டு வார வயதில் எங்கள் வீட்டுக்கு வந்த பெண் குட்டிக்கு, வெளியே சென்று மட்டுமே கழிக்கும் பழக்கம் உறுதிப்பட ஏழு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நான் செய்த பிழைகளைச் சரிசெய்வதிலேயே கழிந்தன. முதல் மூன்று வாரங்கள் நன்றாகவே சென்றன. ஒன்பது நாள்கள் தொடர்ந்து வீட்டுக்குள் ஒரு சொட்டுச் சிறுநீரும் விழாததைக் கண்டு, குட்டி பழகிவிட்டது என்று முடிவு செய்து, அறைகளுக்கு இடையே வைத்திருந்த தடுப்புகளை எடுத்துவிட்டேன். பத்தாம் நாளில் மூன்று இடங்களில் சிறுநீர் கிடந்தது. நான் உரக்கக் கடிந்துகொண்டேன். அதன்பின் என் கண்ணெதிரே எங்கேயும், வீட்டுக்கு வெளியிலும்கூட, கழிக்க அது மறுத்தது. நான் திரும்பிய நேரம் பார்த்து சோபாவுக்குப் பின்னால் போய்க் கழித்துவிட்டு வந்தது.

இதே வழியில் இப்போது காலெடுத்து வைக்கும் உங்களுக்கு அந்த இரண்டு மாதங்கள் மிச்சமாகட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். படிகளை வரிசையாகத் தந்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் 4, 5, 9 ஆகிய மூன்றையும் முதலில் படித்துவிடுங்கள்.

1. குட்டியைக் கொண்டுவரும் முன் கேட்டு வாங்க வேண்டிய விவரங்கள்

குட்டியைத் தருபவர் யாராக இருந்தாலும், அவரிடமிருந்து ஐந்து விவரங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பிறந்த தேதி, இதுவரை கொடுத்த உணவும் அதன் அளவும் வேளைகளும், குடற்புழு நீக்க மருந்து கொடுத்த தேதிகள், தடுப்பூசி அட்டை, இதுவரை குட்டி எந்தத் தரையில் கழித்து வந்தது என்பது. தடுப்பூசி அட்டையில் போட்ட ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்த ஊசிக்கான தேதி, மருத்துவரின் கையொப்பம் ஆகியவை இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அந்த அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், மருத்துவரிடம் போகும்போதும் பின்னாளில் நாயை ஓரிடத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போதும் உதவும்.

ஐந்தாவது விவரத்தைப் பெரும்பாலோர் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஏறத்தாழ மூன்று வார வயதிலிருந்தே குட்டிகள் தாம் படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கத் தொடங்குகின்றன. ஏழு முதல் ஒன்பது வாரங்களுக்குள், காலுக்குக் கீழே எந்த வகைத் தரை இருந்தால் கழிக்கலாம் என்ற விருப்பம் அவற்றிடம் உருவாகத் தொடங்குகிறது. செய்தித்தாளில் கழித்துப் பழகிய குட்டிக்குப் புல் அந்நியமாகவே தோன்றும். அத்தகைய குட்டியாக இருந்தால், அது பயன்படுத்திய தாளில் ஒரு துண்டை நீங்கள் தேர்ந்தெடுத்த வெளியிடத்தில் சில நாள்கள் போட்டு வைத்தால் போதும். படுப்பதும் கழிப்பதும் ஒரே சிறு கூண்டுக்குள் என்று வளர்ந்த குட்டியின் நிலை வேறு. தன் படுக்கையைத் தூய்மையாக வைத்திருக்கும் இயல்பு அதனிடம் மங்கியிருக்கும். அந்தக் குட்டிக்கு மற்றவர்கள் சொல்லும் கால அளவுகள் பொருந்தாது என்பதை முதல் நாளே அறிந்துவைத்திருந்தால், பின்னால் மனம் தளராது.

2. எதற்குச் செலவு செய்யலாம், எதற்கு வேண்டாம்

இதில் உங்களுக்கு ஆகும் மிகப் பெரிய செலவு நேரம்தான். முதல் இரண்டு வாரங்களுக்கு வீட்டில் ஒருவர் முழுநேரமும் இருக்க வேண்டும். விடுப்பு எடுக்கக்கூடியவர்கள் குட்டி வரும் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். 'வீட்டுக்குப் பழகட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டால், அந்த ஒரு வாரத்தில் குட்டி கற்றுக்கொண்டதை மறக்கச் செய்வதற்கே விடுப்பு போய்விடும். பகலில் வீடு பூட்டியிருக்கும் என்றால், நண்பகலில் வந்து குட்டியை வெளியே கொண்டுபோகும் ஒருவருக்கான கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். விடுப்பு முடிந்த பிறகு அத்தகைய ஒருவரைத் தேடத் தொடங்குவது மிகவும் காலங்கடந்த செயல்.

பொருள்களில், என்சைம் (சிறுநீர் வாடைக்குக் காரணமானவற்றைச் சிதைக்கும் நொதி) கலந்த துப்புரவுத் திரவத்துக்குத் தயங்காமல் செலவு செய்யுங்கள். ஒன்றுக்கு இரண்டு புட்டியாகவே வாங்கி வையுங்கள். ஒரு தடுப்புக் கதவு, ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கயிறு, இரவில் கையில் எடுத்துச் செல்ல ஒரு டார்ச் ஆகியவை தேவைப்படும். கூண்டு வாங்குவதானால், குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் போதுமான அளவு மட்டும் இருக்க வேண்டும். வளர்ந்தபின் தேவைப்படும் பெரிய கூண்டை இப்போதே வாங்குபவர்கள், உள்ளே நகர்த்தக்கூடிய தடுப்புத் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இடம் மிகுதியாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.

முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் ஒரு பொதுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். வயிற்றில் புழுவோ ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியோ இருந்து மலம் இளகிப் போகும் குட்டியால், எத்தனை முயன்றாலும் அடக்கிக்கொள்ள முடியாது. 'இங்கே கழி' என்று குட்டியை ஈர்க்கும் என்று சொல்லி விற்கப்படும் தெளிப்பான்களையும், 'இங்கே வராதே' என்று விரட்டும் என்று சொல்லப்படுபவற்றையும் நான் இரண்டிரண்டு வகை வாங்கிப் பார்த்தேன். எங்கள் குட்டியிடம் அவற்றால் எந்த மாற்றமும் ஏற்படவில்லை. விரிப்புகளையும் கம்பளங்களையும் சுருட்டிப் பரணில் போட்டுவிடுங்கள். அதற்கு ஒரு காசும் ஆகாது.

3. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

குட்டிக்கான தடுப்பூசிகள் வழக்கமாக 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை என 16 வாரம் நிறையும் வரையேனும் தொடரும். அதுவரை குட்டிக்கு, கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் பெரும் ஆபத்து. நோயுற்ற நாயின் மலத்தின் வழியே பரவும் அந்த வைரஸ், மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஆகவே, முகமறியா நாய்கள் நடமாடும் இடத்தைத் தவிர்த்து, மதிலுக்குள் உள்ள மூலை ஒன்றையோ, மாடிவீடாக இருந்தால் முற்றத்திலோ பால்கனியிலோ மண்ணும் புல்லும் நிரப்பிய ஒரு தட்டையோ தேர்ந்தெடுங்கள். இதற்கு அஞ்சி, ஊசிகள் அனைத்தும் முடிந்த பிறகே பழக்கத்தைத் தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் மிக முக்கியமான வாரங்களை இழக்கிறார்கள். உங்கள் பகுதியில் நோய் எந்த அளவுக்கு உள்ளது, எங்கே இறக்கிவிடலாம் என்பதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரே கதவு வழியாகச் செல்லுங்கள். அங்கே போகும் வரை குட்டியைக் கையில் தூக்கிச் செல்வது முதல் மாதத்தில் கட்டாயம் என்றே சொல்வேன். நடத்திக் கூட்டிச் சென்றால், தூக்கம் கலைந்த குட்டி கதவுக்கு இரண்டு அடி முன்னால் உட்கார்ந்துவிடும்.

பேட் எனப்படும் உறிஞ்சு விரிப்புகளைப் பற்றி என் கருத்து இது: வீட்டில் ஆள் இருக்கும்போது அவை வேண்டாம். விரிப்பில் கழிக்கக் கற்ற குட்டி, பிறகு அதை மறந்து வெளியே செல்லவும் கற்க வேண்டும்; மேலும் கால்மிதிக்கும் அந்த விரிப்புக்கும் அதன் பாதங்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. வேறு வழியே இல்லாதவர்கள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் போட்டு, சில நாள்களுக்கு ஒரு முறை ஓரிரு அடி வீதம் கதவை நோக்கி நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

4. நேரக் கணக்கு

குட்டியின் வயதை மாதத்தில் எண்ணி, அதனுடன் ஒன்றைக் கூட்டினால் வரும் மணி நேரம் அது அடக்கிக்கொள்ளும் எல்லை என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம் என்று வரும். இதை நம்பி மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வெளியே கொண்டுபோனால் போதும் என்று நினைப்பதுதான் புதியவர்கள் விழும் முதல் பள்ளம். அந்தக் கணக்கு, குட்டி அமைதியாகப் படுத்திருக்கும்போது தாங்கக்கூடிய உச்ச எல்லையைத்தான் சொல்கிறது. விழித்து ஓடியாடும் குட்டிக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடங்களே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரத்தைப் பார்க்காமலே வெளியே கொண்டுபோக வேண்டிய தருணங்களும் உள்ளன: தூங்கி எழுந்த உடனே, உணவு உண்ட பின் ஐந்து முதல் முப்பது நிமிடங்களுக்குள், தண்ணீர் நிறையக் குடித்த பின், விளையாட்டின் நடுவிலும் முடிவிலும், விருந்தினர் வந்து குட்டி பரபரப்படைந்த பின், இரவு படுக்கைக்கு முன். விளையாடிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று பொம்மையை விட்டுவிட்டுத் தரையை மோந்தபடி வட்டமிட்டால், உங்களுக்கு ஐந்து விநாடிதான் இருக்கிறது. கையிலிருப்பதை வைத்துவிட்டு ஓடுங்கள்.

உணவை நாள்தோறும் ஒரே வேளைகளில் கொடுத்து, பதினைந்து இருபது நிமிடங்களில் தட்டை எடுத்துவிட்டால் மலம் கழிக்கும் நேரமும் ஓர் ஒழுங்குக்கு வந்துவிடும். நாள் முழுவதும் தட்டு நிறைந்தே இருக்கும் வீட்டில் அந்த ஒழுங்கு வராது. தண்ணீரை மட்டும் பகலில் ஒருபோதும் குறைக்காதீர்கள். சிறுநீர் குறையட்டும் என்று கிண்ணத்தை எடுத்து வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அது குட்டியின் உடலுக்குக் கேடு.

இந்த நேரங்களுக்கு இடையில் குட்டி மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும்: உங்கள் கண்ணெதிரே, அல்லது உங்கள் இடுப்பிலோ நாற்காலியிலோ கட்டிய கயிற்றில், அல்லது கூண்டிலோ தடுப்புக்குள்ளோ. சமையலறையில் அடுப்பைக் கவனிக்கும்போது குட்டி வேறு அறையில் தனியாக இருந்தால் அது நான்காவது நிலை. எங்கள் வீட்டில் நடந்த தவறுகளில் பெரும்பாலானவை அந்த நான்காவது நிலையில்தான் நடந்தன.

5. வெளியே சென்றதும் செய்ய வேண்டியவை

கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். பேச வேண்டாம், நடக்க வேண்டாம், கைப்பேசியையும் எடுக்க வேண்டாம். குட்டிக்கு இந்த இடம் சலிப்பாக இருப்பது நல்லது. அது கழிக்கத் தொடங்கும்போது ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள அனைவரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். கழித்து முடித்ததும், இரண்டு விநாடிகளுக்குள், அந்த இடத்திலேயே தின்பண்டத் துண்டைக் கொடுத்துப் பாராட்டுங்கள். உள்ளே வந்து கொடுத்தால், வீட்டுக்குள் நுழைந்ததற்கான பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்ளும்.

முடிப்பதற்கு முன்பே உற்சாகமாகப் பாராட்டிவிடுவது அடுத்த பள்ளம். குட்டி பாதியில் நிறுத்திவிட்டு உங்களிடம் ஓடிவரும். மீதியை வீட்டுக்குள் முடிக்கும். பல குட்டிகள் சற்று நடந்துவிட்டு இரண்டாம் முறையும் சிறுநீர் கழிக்கும் என்பதால், முதல் முறை முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

ஐந்து முதல் பத்து நிமிடம் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், உள்ளே வந்து குட்டியை அவிழ்த்துவிடக் கூடாது. மடியிலோ கூண்டிலோ பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு மீண்டும் வெளியே கொண்டுபோங்கள். தேவையானால் மூன்றாம் முறையும் செல்லுங்கள். 'இப்போதுதானே வெளியே போய் வந்தது' என்று நாம் கயிற்றை அவிழ்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தரை நனையும்.

கழித்து முடித்ததும் உடனே உள்ளே இழுத்து வருவதும் தவறு. வெளியே இருக்கும் இன்பம் கழித்தவுடன் முடிந்துவிடுகிறது என்று குட்டி புரிந்துகொண்டால், அந்த இன்பத்தை நீட்டிக்க அடக்கிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொள்ளும். முதலில் கழிப்பு, பிறகு விளையாட்டு அல்லது நடை என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

6. இரவு

முதல் வாரங்களில் கூண்டை உங்கள் படுக்கைக்கு அருகிலேயே வையுங்கள். குட்டி முனகுவது காதில் விழ வேண்டும். இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஒன்றிரண்டு முறை எழ வேண்டியிருக்கும். அது அழுது எழுப்பும் வரை காத்திருப்பதைவிட, அலாரம் வைத்துச் சற்று முன்னதாக எழுவது நல்லது. விளக்கை ஏற்றாமல், பேசாமல், விளையாடாமல் தூக்கிச் சென்று, கழித்ததும் மீண்டும் படுக்க வையுங்கள். ஒரு வாரம் தவறின்றிச் சென்றால் அலாரத்தைப் பதினைந்து நிமிடம் தள்ளி வையுங்கள். எங்கள் குட்டி நான்காம் மாத முடிவில்தான் இரவு முழுவதும் தூங்கியது.

7. வீட்டுக்குள் கழித்துவிட்டால்

கழித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்தால், மென்மையாக ஓர் ஒலி எழுப்பிக் கவனத்தைத் திருப்பி, தூக்கிக்கொண்டு வெளியே செல்லுங்கள். மீதியை அங்கே முடித்தால் வழக்கம்போல் பாராட்டுங்கள். முடிந்த பிறகு பார்த்தால், குட்டியிடம் எதுவும் சொல்லாதீர்கள். மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது, அடிப்பது, கத்துவது ஆகியவற்றால் குட்டி கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: மனிதர்கள் பார்க்கும்போது கழிப்பது ஆபத்து.

'அதற்குத் தவறு செய்தது தெரியும். முகத்தைப் பாருங்கள்' என்று என் வீட்டிலும் சொன்னார்கள். நாய்களின் மனத்திறனை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. காதை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி நிற்கும் அந்தக் 'குற்ற முகம்', நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டபோதே மிகுதியாக வந்தது. அந்த முகத்தில் நாம் காண்பது நம் கோபத்துக்கு நாய் காட்டும் பணிவையே.

சுத்தம் செய்வதில் அவசரப்படாதீர்கள். முதலில் உறிஞ்சும் துணியை அழுத்தி ஈரத்தை எடுங்கள். பின் என்சைம் திரவத்தை ஊற்றி, அதன் உறையில் குறிப்பிட்ட நேரம் வரை ஈரமாகவே விட்டுவிடுங்கள். தெளித்த உடனே துடைத்தால் அது வேலை செய்யாது. அம்மோனியா கலந்த துப்புரவுப் பொருள்கள் வேண்டாம். சிறுநீரிலிருந்து எழும் வாடையும் அதுவே என்பதால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பும். பிளீச்சைச் சிறுநீரின் மீது ஊற்றினால் நச்சு வாயு உண்டாகக்கூடும், ஆகவே அதுவும் வேண்டாம். பழைய கறைகள் எங்கே என்று தெரியவில்லை என்றால், அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச்சை அடித்துப் பாருங்கள். உலர்ந்த சிறுநீர் அதில் ஒளிரும். சோபாவுக்குப் பின்னால் நான் அறியாத நான்கு இடங்களை அப்படித்தான் கண்டுபிடித்தேன்.

8. குறிப்பேடு

ஒரு நோட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: தேதி, நேரம், சிறுநீரா மலமா, எந்த இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. வெளியே கழித்ததையும் உள்ளே கழித்ததையும் ஒருசேர எழுதுங்கள். இரண்டு வாரங்கள் எழுதியபின் எங்கள் நோட்டைப் புரட்டியபோது, உள்ளே நடந்தவற்றில் பாதிக்கு மேல் மாலை ஆறு முதல் எட்டு மணிக்குள் நடந்திருந்தன. அந்த நேரத்தில்தான் எல்லோரும் வீடு திரும்பி, குட்டியுடன் விளையாடிவிட்டு, அவரவர் வேலையில் மூழ்கினோம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் ஒருவரைப் பொறுப்பாக்கியதும் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது.

நோட்டில் பொய் புகுந்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் கோபப்படுவேன் என்று அஞ்சி, தம் கவனக்குறைவால் நடந்தவற்றை வீட்டிலுள்ளவர்கள் எனக்குத் தெரியாமல் துடைத்துவிட்டிருக்கிறார்கள். அதனால்தான் ஒன்பது நாள்கள் 'தூய்மையாக' இருந்ததாக நான் நம்பினேன். எழுதியதற்காக யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

9. பின்னடைவு வரும்போது

வரும். அதை முதல் நாளே எதிர்பார்த்திருங்கள். பெரும்பாலான குட்டிகள் நான்கு முதல் ஆறு மாத வயதுக்குள் ஓரளவு நம்பத்தக்க நிலைக்கு வருகின்றன. சிலவற்றுக்கு ஓராண்டும் ஆகிறது. சிறிய இன நாய்களுக்குப் பொதுவாகக் கூடுதல் காலம் தேவைப்படுகிறது. இடையில் நிகழும் சரிவுகள் எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதால், எந்த வகை என்று பிரித்தறிந்த பிறகே எதையும் செய்ய வேண்டும்.

மிகப் பொதுவானது, சுதந்திரத்தை முன்கூட்டியே கொடுத்ததால் வருவது. குட்டிக்கு 'வீடு' என்பது தான் உண்டு, உறங்கி, விளையாடும் ஓரறைதான். அடுத்த அறை அதற்கு வெளியிடம் போன்றதே. தடுப்புகளை மீண்டும் வைத்து, முதல் வாரத்து நேர அட்டவணைக்கு ஏழு முதல் பத்து நாள்கள் திரும்பிப் போனால் இது சரியாகிவிடும். அப்படித் திரும்பிப் போவதை இழப்பாகக் கருதாதீர்கள். இரண்டாம் முறை குட்டி மிக விரைவாகவே அந்த ஏழு நாள்களைக் கடக்கிறது.

வீட்டில் ஏற்படும் மாற்றங்களால் வருவது இன்னொரு வகை: விடுப்பு முடிந்து நீங்கள் வேலைக்குத் திரும்பியது, விருந்தினர் தங்கியது, உணவு மாறியது, வீடு மாறியது. இங்கே பழைய அட்டவணையோடு, புதிய நேரங்களுக்கு ஏற்ற இடைவெளியையும் கணக்கிட வேண்டும். உணவை மாற்றுவதானால் ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். ஒரே நாளில் மாற்றினால் வயிறு இளகும்.

வெளியிடத்தின் மீதே அச்சம் ஏற்படுவதும் உண்டு. கழித்துக்கொண்டிருக்கும்போது இடி இடித்தாலோ, வேறொரு நாய் பாய்ந்தாலோ, குட்டி அந்த இடத்தை வெறுத்துவிடும். வற்புறுத்தி இழுத்துச் செல்லாமல் சில வாரங்களுக்கு வேறொரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். மழையில் இறங்க மறுக்கும் குட்டிக்கு, கூரைச் சாய்ப்பின் கீழ் ஒரு சிறு இடத்தை ஏற்படுத்தி, நீங்களும் உடன் நில்லுங்கள்.

யாரேனும் வணங்கி வரவேற்பது போல் குனிந்தாலோ உரத்துப் பேசினாலோ குட்டி உடலைத் தாழ்த்தி அல்லது மல்லாந்து சில சொட்டுகள் விடுகிறது என்றால், அது கழிப்பிடப் பழக்கத்தின் குறையே அன்று. பணிவாலோ மகிழ்ச்சிப் பெருக்காலோ தானாக நிகழ்வது அது. கண்டித்தால் மிகும். வீடு திரும்பியதும் சில நிமிடங்கள் குட்டியைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பக்கவாட்டில் அமர்ந்து, தலையைத் தொடாமல் மார்பைத் தடவிக்கொடுங்கள். பெரும்பாலான குட்டிகளிடம் ஓராண்டுக்குள் இது மறைந்துவிடும்.

ஆறு மாதத்துக்கு மேல், பருவமடையும் வயதில், காலைத் தூக்கிச் செங்குத்தான பரப்புகளின் மீது சிறு அளவில் சிறுநீர் விடத் தொடங்கினால் அது எல்லை குறித்தல். இது ஆண் நாய்களிடம் மிகுதி, ஆனால் பெண் நாய்களும் செய்வதுண்டு. கருத்தடை அறுவை பல நாய்களிடம் இதைக் குறைக்கிறது. எப்போது செய்வது என்பதை நாயின் இனத்தையும் வளர்ச்சியையும் பார்த்து மருத்துவர் சொல்வார்.

கடைசி வகைதான் என் வீட்டில் நடந்தது: கண்டிப்பினால் குட்டி ஒளிந்து கழிக்கத் தொடங்குவது. இதைச் சரிசெய்யவே அதிக காலம் பிடிக்கிறது, ஏனெனில் குட்டிக்குப் பழக்கம் மறக்கவில்லை, நம் மீதுள்ள நம்பிக்கை குறைந்திருக்கிறது. நான் செய்தது இதுதான்: வெளியே நீளமான கயிற்றைப் பயன்படுத்தி, மூன்று நான்கு மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி நின்றேன். முதல் நான்கு நாள்கள் நாற்பது நிமிடம் வரைகூட நிற்க வேண்டியிருந்தது. கழித்து முடித்ததை ஓரக்கண்ணால் கண்டதும், திரும்பாமலே தின்பண்டத்தைத் தரையில் போட்டேன். நாள்தோறும் அரை அடி நெருங்கினேன். வீட்டுக்குள் எதைக் கண்டாலும், குட்டியை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, அது பாராதபோது துடைத்தேன். குட்டி மீண்டும் என் அருகில் நின்று கழிக்க ஐந்து வாரங்கள் ஆயின. நான் கடிந்துகொண்ட அந்த நாளை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

பொறுமை என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். தூக்கமில்லாத மூன்றாம் வாரத்தில் அது தானாக வராது. அதற்கும் ஏற்பாடு வேண்டும். இரவுகளை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். தனியாக வளர்ப்பவர்கள் வாரத்தில் ஓர் இரவேனும் நண்பர் ஒருவரை உதவிக்கு அழையுங்கள். கோபம் வரும்போது, முதலில் குட்டியைத் தடுப்புக்குள் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, பிறகு தரையைத் துடையுங்கள். நாளுக்கு நாள் ஒப்பிடாமல், வாரத்துக்கு வாரம் நோட்டின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒரு வாரத்தில் பதினொன்று, அடுத்த வாரத்தில் எட்டு என்றால் நீங்கள் சரியான வழியில்தான் செல்கிறீர்கள், அன்றைக்குக் காலை தரை நனைந்திருந்தாலும்.

10. மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம்

பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி, சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தாலோ, முக்கினாலோ, சிறுநீரில் இரத்தமோ வழக்கத்துக்கு மாறான நாற்றமோ இருந்தாலோ, சிறுநீர் வரும் உறுப்பை விடாமல் நக்கினாலோ, சிறுநீர்ப் பாதைத் தொற்றாக இருக்கலாம். தண்ணீர் மிகுதியாகக் குடிப்பதும் சொல்ல வேண்டிய அறிகுறி. பெண் குட்டியிடம் இடைவிடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால், சிறுநீர்க் குழாய் பிறவியிலேயே இடம் மாறி அமைந்திருக்கக்கூடும். முக்கியும் சிறுநீர் வரவே இல்லை என்றாலும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு மூன்றும் சேர்ந்து வந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

ஐந்தாம் மாதத்தில் எங்கள் குட்டி மீண்டும் உள்ளே கழித்தபோது, பழைய அச்சம் திரும்பிவிட்டது என்று எண்ணி எட்டு நாள்கள் தாமதித்தேன். பரிசோதனையில் தொற்று என்று தெரிந்தது. மூன்று நாள்களுக்கு மேல் காரணம் புரியாத சரிவு நீடித்தால் முதலில் சிறுநீரைப் பரிசோதித்துவிடுங்கள் என்பதே இப்போது என் முறை.

மாதிரி எடுக்க, காலையில் முதல் சிறுநீரின்போது தூய்மையான, உலர்ந்த, ஆழமில்லாத கிண்ணத்தையோ நீண்ட பிடியுள்ள கரண்டியையோ கீழே நீட்டி, பிறகு மூடியுள்ள குப்பியில் ஊற்றிக்கொள்ளுங்கள். முடிந்தவரை விரைவில் கொடுங்கள். தாமதமானால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். தடுப்பூசி அட்டையையும் குறிப்பேட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். எந்த நாளிலிருந்து, நாளுக்கு எத்தனை முறை என்ற இரண்டு கேள்விக்கும் விடை அதில் இருக்கும். மருந்தை, குட்டி தேறிவிட்டது போல் தோன்றினாலும், சொன்ன நாள்கள் முழுவதும் கொடுங்கள். தொற்று நீங்கிய பிறகும் இடையில் ஒட்டிக்கொண்ட பழக்கத்தை நீக்க, முதல் வார அட்டவணையை மேலும் ஓரிரு வாரங்கள் பின்பற்ற வேண்டியிருக்கும்.

11. சுதந்திரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுதல்

உள்ளே ஒன்றும் நடக்காமல் நான்கு வாரங்கள் சென்ற பிறகு ஓர் அறையை மட்டும் கூடுதலாகத் திறப்பது என்று நான் அளவு வைத்துக்கொண்டேன். அந்த அறையில் முதல் சில நாள்கள் குட்டிக்கு உணவு கொடுத்து, அதனுடன் அமர்ந்து விளையாடி, சற்று நேரம் படுக்கவும் வையுங்கள். அதுவும் வீடுதான் என்று அதற்குப் புரியும். வெளியே கழித்துவிட்டு வந்த முதல் அரை மணி நேரத்தில் மட்டும் புதிய அறையில் விடுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் தவறில்லை என்றால் நேரத்தைக் கூட்டுங்கள். தவறினால் அந்த ஓர் அறையை மட்டும் மூடுங்கள், மற்றவற்றைத் தொட வேண்டாம்.

பிறர் வீட்டுக்கு முதல் முறை அழைத்துச் செல்லும்போது, உங்கள் வீட்டில் பல மாதங்கள் தவறாத குட்டியும் அங்கே தவறலாம், ஏனெனில் அந்த வீட்டின் கழிப்பிடம் எது என்று அதற்கு இன்னும் யாரும் காட்டவில்லை. வாசலைத் தாண்டும் முன்பே வெளியில் ஓர் இடத்தைக் காட்டி, கழிக்கும் வரை காத்திருந்து, பிறகு உள்ளே செல்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள்.